பாட்டுக்கு வாசிப்பது

கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் சில மிருதங்கக்காரர்களைப் பற்றி, "அவர் பாட்டுக்கு வாசிக்கிறவர்" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு கிடையாது. விரல்வேகமும் கணக்கும் கோர்வையும் அதற்குப் பிறகுதான். பாடுகிறவர் ஒரு சொல்லை நீட்டும்போது அவர் கை அடங்குகிறது. வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் எழுகிறது. பல்லவி அரை இடம் தள்ளி எடுத்தால் அந்த எடுப்பு அவர் அடியிலும் கேட்கிறது. வீட்டில் கணினி முன் உட்கார்ந்து பாட்டுக்கு டிரம்ஸ் கட்டும் எனக்கு அந்தப் பாராட்டே வழிகாட்டி. ஒரு பீட் நன்றாக இருக்கிறதா என்று இப்போதெல்லாம் கேட்டுக்கொள்வதில்லை. இந்தக் குரலுக்கு, இந்த வரிக்கு அது வாசிக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.

*

மென்பொருளைத் திறந்ததும் 16 கட்டங்கள். நான்கு அடி, அடிக்கு நான்கு கட்டம். 1980-இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் கொண்டுவந்த டிஆர்-808 பெட்டியின் முகப்பில் இருந்த 16 பொத்தான்கள்தான் இன்றும் நம் திரைகளில் வேறு வேறு உருவில் வரிசையாக நிற்கின்றன. வசதியான அமைப்புதான். ஆனால் காலிக் கட்டம் தன்னை நிரப்பச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கண்ணால் பார்த்து நிரப்பிய தாளம் பார்வைக்குச் சீராக இருக்கும். பாட்டோடு ஓடவிட்டால் பாட்டு ஒரு பக்கமும் தாளம் ஒரு பக்கமுமாகப் போகும்.

அதே 808-ஐ வைத்துக்கொண்டு எவ்வளவு அடக்கமாக வேலை செய்யலாம் என்று அறிய மார்வின் கே 1982-இல் பாடிய 'செக்ஷுவல் ஹீலிங்' பாட்டைக் கேட்க வேண்டும். அந்தப் பெட்டியின் ஒலி நிஜமான டிரம்ஸின் ஒலியே அல்ல. சின்னச் சின்னத் தட்டுகள், அடியில் ஒரு முழக்கம், அவ்வளவுதான். ஒலிகள் இவ்வளவு சிறியவையாக இருப்பதால் அவர் குரலின் குழைவுகள், இழுத்து விடும் மூச்சு உட்பட, அத்தனையும் மேலே வந்து நிற்கின்றன.

ஆகவே குரல் பதிவாகும் வரை கட்டங்களைத் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். கிளிக் சத்தம், சுருதிக்கு ஒரு தம்புரா அல்லது கிடார், குரல். வரிகள் இன்னும் எழுதப்படவில்லை என்றால் தத்தகாரம். ஆரம்பிக்க அது போதும்.

*

டெம்போ. பாடுகிறவரைக் கிளிக் இல்லாமல், உட்கார்ந்தபடியே, யாருக்காகவும் இல்லாமல் ஒருமுறை பாடச் சொல்ல வேண்டும். அந்த வேகத்தை எண்ணி எடுத்துக்கொள்ள வேண்டும். கிளிக்கோடு பாடும்போது எல்லோரும் கிளிக்குக்கு ஒத்துப்போய்விடுவார்கள். அவர்களுக்கு வசதியான வேகம் எது என்பது மறைந்துவிடும். நிமிடத்துக்கு 92 அடி, 95 அடி என்பதற்குள் இருக்கும் வேறுபாடு எண்ணில் சிறிது. மூச்சில் பெரிது. ஒரு வரி முழுதையும் ஒரே மூச்சில் முடிக்க முடிவதும் முடியாமல் போவதும் அந்த மூன்று அடிக்குள்தான் இருக்கிறது.

*

பதிவான குரலை ஓடவிட்டு, அதன்மேல் வாயால் தாளம் சொல்லிப் பார்க்கிறேன். தகதிமி என்று சொற்கட்டாகவும் சொல்வேன். கிக்குக்கு 'தும்', ஸ்நேருக்கு 'டக்', ஹை-ஹேட்டுக்கு 'ட்ஸ்' என்று டிரம்ஸ் ஒலியாகவும் சொல்வேன். வாய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. மூச்சுக்குள் அடங்குவதை மட்டுமே அது சொல்லும். கட்டத்தில் சுட்டியை இழுத்து ஒரு சுற்றுக்குள் 32 ஹை-ஹேட் அடிகளை நிரப்பிவிடலாம். வாயால் சொல்லப் போனால் நாக்கு பாதியைத் தானே விட்டுவிடுகிறது. அது விட்டுவிடும் அடிகள் பெரும்பாலும் பாட்டுக்கும் வேண்டாதவை. மிருதங்கம் பழகும் பிள்ளைகள் பாடத்தை முதலில் வாயால் சொல்லி, பிறகே கையில் வாசிக்கிறார்கள். கணினியில் வாசிப்பவர்களுக்கு அந்த முறை இன்னும் அதிகமாக வேண்டும். கையாவது களைத்துப்போகும், சுட்டி களைப்பதில்லை.

நடையும் இப்படிச் சொல்லிப் பார்க்கும்போதுதான் பிடிபடுகிறது. திரை எப்போதும் சதுஸ்ரத்தில் திறக்கிறது, ஓர் அடிக்குள் நான்கு. மெட்டோ திஸ்ரத்தில் பிறந்திருக்கலாம், அடிக்குள் மூன்று. கும்மி மெட்டுகள் அப்படி, நம் தாலாட்டுகளில் பலவும் அப்படி. மூன்றாகத் துள்ளும் மெட்டை நான்காகப் பிரித்த கட்டத்தில் வைத்தால் எவ்வளவு அருமையான ஸ்நேர் ஒலியைத் தேடிப் போட்டாலும் ஒட்டாது. ஒலியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்போம். குறை ஒலியில் இருக்காது. 'தகிட தகிட' என்று முணுமுணுத்துக்கொண்டே வரியைப் பாடினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதன்பிறகு திரையின் கட்டத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது ஒரு சொடுக்கு வேலை.

ஐந்தும் ஏழும் வேறு விஷயம். 'தக தகிட' என்ற கண்டமும் 'தகிட தகதிமி' என்ற மிஸ்ரமும் புதுமைக்காகப் போட்டுக்கொள்ளும் சட்டை அல்ல. வரியின் அசைகள் தாமாக ஐந்தாகவோ ஏழாகவோ விழுந்தால் மட்டுமே போக வேண்டும். அப்படி விழும்போது கேட்பவருக்கு அது ஏழு என்றே தெரிவதில்லை. தலையாட்டிக்கொண்டு கூடவே வருகிறார்.

*

'பட்டு', 'பக்கம்', 'முத்து', 'அப்பா'. இந்தச் சொற்களைப் பாடும்போது நடுவில் குரல் ஒரு கணம் முழுதாக அடைபடுகிறது. வல்லின ஒற்று. முதலில் அடைப்பு, பிறகு வெடிப்பு. அந்த வெடிப்பே ஒரு தட்டுதான். சரியாக அதே இடத்தில் பலமான ஸ்நேர் விழுந்தால் இரண்டில் ஒன்று அழிந்துபோகிறது. அழிவது எப்போதும் சொல்தான். பாடியவர் தெளிவாகப் பாடியிருப்பார். கேட்பவர் காதில் சொல்லின் நடுப்பகுதி இருக்காது. குரலின் ஒலியளவை ஏற்றிப் பார்ப்போம், அப்போதும் வராது. ஸ்நேரை ஒரு கட்டம் தள்ளினால் வந்துவிடும். ஸ்நேர் நகர முடியாத இடத்தில் இருந்தால், மெட்டில் அந்தச் சொல்லை ஓர் எழுத்து முன்னே எடுத்தால் வந்துவிடும். குரல் அடைபட்டிருக்கும் அந்தக் கணத்தில் மெல்லிய ஹை-ஹேட் ஒன்று மட்டும் விழுந்தால் அது சொல்லின் ஒரு பகுதியாகவே சேர்ந்துகொள்வதையும் கவனித்திருக்கிறேன். இதைக் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

மெல்லின ஒற்று வேறு விதம். 'நெஞ்சம்', 'தென்றல்', 'அம்மா'. குரல் நிற்காமல் மூக்கு வழியாக ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே கிக் விழலாம். கிக்கின் முழக்கமும் 'ம்' என்ற முழக்கமும் ஒன்றையொன்று தாங்குகின்றன. நெடில் நீண்டுகொண்டிருக்கும்போது ஸ்நேர் தயங்காமல் விழலாம், மறைப்பதற்கு அங்கே மெய் எதுவும் இல்லை. 'ச' என்ற உரசல் ஒலியின் வலுவோ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது, ஹை-ஹேட் இருக்கும் அதே உயரத்தில். 'சொல்', 'சிரிப்பு', 'வாசல்' என்று அடுத்தடுத்து வரும் வரியில் ஹை-ஹேட்டை அடக்கினால் வரி துலங்கும். மற்ற வரிகளில் அது தன் பலத்திலேயே இருக்கலாம். ஒரே ஹை-ஹேட்டை வெட்டி ஒட்டிப் பாட்டு முழுவதும் நீட்டினால் இதெல்லாம் செய்ய முடியாது. வரி வரியாகப் போக வேண்டியிருக்கிறது. நேரம் பிடிக்கிற வேலை. எனக்குப் பிடித்த வேலையும் இதுதான்.

திருப்புகழை இசையில்லாமல் வெறுமனே வாய்விட்டுச் சொன்னாலும் தாளம் கேட்கிறது. அருணகிரிநாதர் வல்லினத்தையும் மெல்லினத்தையும் குறிலையும் நெடிலையும் அளந்து வைத்துவிட்டார். மேலே வாசிப்பவர் சேர்க்க வேண்டியது மிகக் குறைவு. நல்ல சந்தத்தில் எழுதப்பட்ட திரைப்பாட்டு வரிக்கும் இது பொருந்தும். வரியே அடித்துக்கொண்டிருந்தால் டிரம்ஸ் சும்மா இருக்கலாம். உரைநடையாக, தளர்வாக ஓடும் வரிக்குத்தான் தாளம் முதுகைக் கொடுக்க வேண்டும்.

*

டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டை அடிக்கடி கேட்கிறேன்.

1969 நவம்பர் 20 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஜேம்ஸ் பிரவுன் தன் குழுவோடு 'ஃபங்கி டிரம்மர்' பாட்டைப் பதிவு செய்தார். பாட்டின் பிற்பகுதியில் மற்றவர்கள் எல்லோரும் நிறுத்திக்கொள்ள, டிரம்ஸ் மட்டும் எட்டுச் சுற்று ஓடுகிறது. ஏறத்தாழ 20 நொடி. பின்னாளில் அந்த 20 நொடியை வெட்டியெடுத்து அதன்மேல் நூற்றுக்கணக்கான ஹிப்-ஹாப் பாட்டுகள் எழுந்தன. பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் த பவர்' (1989) அவற்றில் ஒன்று. வாசித்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு உரிய பணமும் வரவில்லை, வெகுகாலம் பெயரும் வரவில்லை. 2017-இல் இறந்தார். அந்தத் தாளத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் இது மனதை அழுத்துகிறது.

தனியாவர்த்தனம் என்று எதிர்பார்த்துக் கேட்டால் அங்கே ஒன்றும் நடக்காது. தனி வாசிக்க வேண்டாம், இருப்பதையே வைத்துக்கொள் என்று பிரவுன் பாட்டுக்குள்ளேயே சொல்லிவிடுகிறார். ஸ்டபிள்ஃபீல்ட் அப்படியே செய்கிறார். அதுவரை குழுவுக்கு என்ன வாசித்துக்கொண்டிருந்தாரோ அதே ஓட்டம். ஹை-ஹேட்டில் பதினாறு கட்டமும் ஓடுகின்றன, இடையே அது ஒரு கணம் திறந்து மூடுகிறது. இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் ஸ்நேர் பலமாக விழுகிறது. இதுவரை எவரும் எழுதிவிடலாம். அந்தப் பலமான அடிகளுக்கு நடுவே இடக்கைக் குச்சி ஸ்நேரின் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. கோஸ்ட் நோட் என்று சொல்லும் தட்டுகள் இவை. காது வைத்துத் தேடினால் கேட்கும், தேடாவிட்டால் உடம்புக்கு மட்டும் தெரியும்.

இந்தத் தாளத்தைக் கட்டத்தில் எழுதிப் பழகுவது நல்ல பயிற்சி. முதலில் பலமான அடிகளை மட்டும் எழுதிக் கேட்க வேண்டும். சரியாக இருக்கும், நின்ற இடத்திலேயே நிற்கும். பிறகு மெல்லிய தட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். மூன்றாவது நான்காவது தட்டில் தாளம் முன்னால் சாயத் தொடங்குகிறது. பலமான அடி எதையும் நகர்த்தவில்லை, வேகத்தையும் தொடவில்லை. ஆனாலும் ஓடுகிறது. ஓட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் காட்டியதில்லை.

டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் வளர்ந்தவர் ஸ்டபிள்ஃபீல்ட். முறையாக டிரம்ஸ் கற்றவர் அல்லர். சிறுவயதில் ஆலைச் சத்தத்தையும் ரயில் ஓட்டத்தையும் கேட்டு அவற்றோடு சேர்ந்து தாளம் போட்டவர். 1967-இல் வந்த 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் அவர் செய்தது இன்னும் துணிச்சலானது. ஸ்நேர் இரண்டாம் அடியில் வழக்கம்போல விழுகிறது. நான்காம் அடியில் விழாமல் அரை அடி தாமதித்து விழுகிறது. அந்த அரை அடி நேரம் காது காத்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் காத்திருக்கிறது, அலுக்கவில்லை. ஓர் அடியைக் கூட்டாமல், ஓர் அடியை நகர்த்தி மட்டும் ஒரு பாட்டின் முகத்தை மாற்றியிருக்கிறார்.

*

பறைக்கு இரண்டு குச்சிகள். குட்டையாகத் தடித்தது அடிகுச்சி. நீளமாக மெலிந்தது சுண்டுகுச்சி. தெருமுனையிலிருந்து கேட்பவருக்கு எட்டுவது அடிகுச்சியின் அடி. பக்கத்தில் நின்றால்தான் சுண்டுகுச்சி விடாமல் பேசிக்கொண்டிருப்பது தெரியும், ஆடுகிறவர்களின் காலைத் தூக்கிவிடுவது அது என்பதும் தெரியும். சின்சினாட்டிக்கும் நம் ஊர்களுக்கும் நடுவே கொடுக்கல் வாங்கல் எதுவும் இருந்திருக்காது. இரண்டு கை உள்ள மனிதர்கள் ஆட்டத்துக்கு வாசிக்கும்போது ஒரு கையைப் பலத்துக்கும் மற்றதை ஓட்டத்துக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

*

மென்பொருளில் ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு பலம் உண்டு. 1983-இல் மின்னிசைக் கருவிகளை இணைக்கும் மிடி முறை வந்த நாள் முதல் இருக்கும் அளவு. சுட்டியால் வைக்கும் அடிகள் எல்லாம் ஒரே பலத்தில் விழுகின்றன. அப்படியே விட்டுவிட்டால் அறையில் ஆள் இல்லை என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நான் முதன்மை ஸ்நேரை 110 பக்கத்தில் வைத்துத் தொடங்குகிறேன். மெல்லிய தட்டுகள் 20 முதல் 40 வரை. ஹை-ஹேட்டில் அடி விழும் இடம் 80, இடைப்பட்டது 50. அதன்பிறகு எண்ணைப் பார்ப்பதில்லை, கண்ணை மூடிக் கேட்டு மாற்றுகிறேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பலமாக அடித்துப் பதிவு செய்த ஒலியைக் குறைத்தால் மெல்லிய தட்டு கிடைக்காது. தூரத்தில் கேட்கும் பலமான அடிதான் கிடைக்கும். மெல்லத் தட்டும்போது தோல் வேறு விதமாக ஒலிக்கிறது, ஸ்நேரின் அடியில் இருக்கும் கம்பிகள் வேறு விதமாகச் சிலிர்க்கின்றன. மெல்ல வாசித்தே பதிவு செய்த ஒலிகள் கொண்ட கிட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலிகள் வாங்கச் செலவழிக்கும் பணத்தை இதற்குச் செலவழிக்கலாம்.

*

சார்லி வாட்ஸ் (1941–2021) ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் வாசிக்கும் பழைய காட்சிகளைப் பார்த்தால் ஒன்று கண்ணிலேயே படும். ஸ்நேர் விழும் இடத்தில் வலக்கையை ஹை-ஹேட்டிலிருந்து தூக்கிவிடுவார். அங்கே ஸ்நேர் தனியாக விழும். நம் கட்டத்திலும் இரண்டாம் நான்காம் அடிகளின் ஹை-ஹேட்டை மட்டும் அழித்துவிட்டுக் கேட்கலாம். ஸ்நேரின் ஒலியளவைத் தொடாமலே அது முன்னால் வந்து நிற்கும்.

*

ரோஜர் லின் 1980-இல் கொண்டுவந்த எல்எம்-1 பெட்டியில்தான் நிஜ டிரம்ஸைப் பதிவு செய்து எடுத்த ஒலிகள் முதன்முதலாக வந்தன. அவர் தந்த இன்னும் இரண்டு வசதிகள் இன்று எல்லா மென்பொருளிலும் இருக்கின்றன. ஒன்று குவாண்டைஸ், முன்பின்னாக விழுந்த அடியைக் கட்டத்தின் கோட்டுக்கு இழுத்துவிடுவது. மற்றது ஸ்விங், ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் கட்டத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்துவது. ஒரே மனிதர் இரண்டையும் தந்தார் என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன். நேராக்கும் கருவியைச் செய்தவரே நேர் போதாது என்பதையும் உணர்ந்திருக்கிறார்.

நிமிடத்துக்கு 90 அடி ஓடும் பாட்டில் ஒரு கட்டம் சுமார் 167 மில்லி நொடி. ஸ்விங் 50 விழுக்காடு என்றால் நேர் நடை. 54 வைத்தால் இடைக்கட்டம் 13 மில்லி நொடி பிந்துகிறது. அது பிந்துவதாக எவர் காதுக்கும் தெரியாது. இறுக்கம் தளர்ந்தது மட்டும் தெரியும். 62 வைத்தால் 40 மில்லி நொடி, இப்போது ஆட்டம் வெளிப்படையாகக் கேட்கிறது. 66-ஐத் தாண்டினால் அரை அடிக்குள் மூன்றாகி, ஏறக்குறைய திஸ்ரத்துக்கே வந்துவிடுகிறோம். சதுஸ்ரத்துக்கும் திஸ்ரத்துக்கும் நடுவே இத்தனை இடம் இருக்கிறது. பாட்டு அதில் எங்கே உட்கார விரும்புகிறது என்று ஒவ்வோர் எண்ணாக நகர்த்திக் கேட்க வேண்டும். மெல்லிசைக்கு நான் 53, 54-க்கு மேல் போவது அரிது.

டெட்ராய்ட் நகரத்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர் ஜே டில்லா (1974–2006) இன்னும் ஒரு படி போனார். எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் ஆட்டவில்லை. ஒன்றை நேராக ஓடவிட்டு மற்றொன்றைச் சாய்த்தார், ஸ்நேரைக் கொஞ்சம் முந்த விட்டார், கிக்கைப் பிந்த விட்டார். கவனமில்லாமல் வாசித்தது என்று முதலில் தோன்றும். இரண்டாம் சுற்றிலும் அதே இடத்தில் அதே அளவு பிந்தும்போது, அளந்து வைத்தது என்று புரியும். அவர் வாசித்த எம்பிசி பெட்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மென்பொருள்களில் 'ஹியூமனைஸ்' என்று ஒரு பொத்தான் உண்டு. அடிகளைக் கண்டபடி சில மில்லி நொடி முன்னும் பின்னும் சிதறடிக்கும். அதை நான் தொடுவதில்லை. நல்ல டிரம்மரின் கை சிதறுவதில்லை. எப்போதும் ஒரே பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்வே அவர் கையெழுத்து. ஆகவே ஸ்நேரை முழுப்பாட்டுக்கும் 8 மில்லி நொடி பின்னுக்குத் தள்ளுவது என்றால் தள்ளுகிறேன், பல்லவியிலும் சரணத்திலும் அதே 8. துயரப் பாட்டுக்குப் பின்னால் சாய்வது பொருந்துகிறது. நடைப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால்.

*

கிக்கும் பேஸ் கிடாரும் ஒரே தாழ்ந்த ஒலிப் பரப்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டையும் ஒன்றாக விழ வைக்கலாம், அல்லது ஒன்று விட்ட இடத்தில் மற்றது விழ வைக்கலாம். இரண்டுமே நல்ல வழிகள். தீர்மானிக்காமல் விடுவதுதான் கெடுக்கும். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பிரின்ஸ் 1984-இல் 'வென் டவ்ஸ் க்ரை' பாட்டிலிருந்து பேஸை முழுதாக எடுத்துவிட்டார். அடியில் லின் பெட்டியின் கிக் மட்டும் நிற்கிறது. நடனத்துக்கான பாட்டில் பேஸ் இல்லாமல் இருப்பது அன்று நினைத்துப் பார்க்க முடியாதது. குரலுக்குக் கீழே தரை இல்லாமல் போகிறது, பாட்டின் பொருளும் அதுதான். தாளத்தைக் கட்டுகிறவர் தாளத்துக்கு வெளியிலும் கைவைக்க வேண்டியிருக்கும் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பீட் சரியாக வரவில்லை என்றால் இப்போது முதலில் பேஸை அணைத்துப் பார்க்கிறேன், பிறகு கிடாரை. பல முறை டிரம்ஸில் குறையே இருப்பதில்லை.

*

வரிகளுக்கு இடையே டிரம்ஸ் நிரப்பும் ஃபில் எங்கே வர வேண்டும்? நான்கு சுற்றுக்கு ஒன்று என்ற வழக்கத்தை விட்டுவிடலாம். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றில் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பார்க்கலாம். 1967-இல் பீட்டில்ஸ் பாடிய 'எ டே இன் த லைஃப்' பாட்டில் ரிங்கோ ஸ்டார் செய்வது அதுதான். ஜான் லெனன் வரியை முடித்ததும் டாம் டிரம்களில் நிதானமாக நாலைந்து அடி, அடுத்த வரி எடுப்பதற்குள் அடங்கிவிடுகிறது. ரிங்கோ இடக்கைப் பழக்கம் உள்ளவர், வலக்கைக்காரருக்கு அமைத்த கிட்டில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் அவர் ஃபில்கள் எதிர்பாராத டாமில் தொடங்குகின்றன. எனினும் எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எங்கே தொடங்கினார் என்பதல்ல, லெனன் வாய் திறக்குமுன் முடித்துவிட்டார் என்பது.

ஸ்டீவ் கேட் 1975-இல் பால் சைமனின் '50 வேஸ் டு லீவ் யுவர் லவர்' பாட்டுக்கு வாசித்ததைத் தலைகீழ்ப் பாடம் என்பேன். சரணத்தில் குரல் காதோரம் பேசும் அளவுக்குத் தணிந்திருக்கிறது; அங்கே டிரம்ஸ் படை நடையின் சாயலில் நுணுக்கமாக, இடைவிடாமல், மெல்ல. பல்லவியில் எல்லோரும் சேர்ந்து பாடத்தக்க மெட்டு வருகிறது. அங்கே டிரம்ஸ் எளிமையாகிவிடுகிறது. பல்லவிக்கு வந்ததும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும் என்று நம் கை போகும். இந்தப் பாட்டை நினைத்துக்கொண்டு, பல்லவியில் ஒன்றைக் குறைத்துப் பார்க்கிறேன். பல நேரம் பாடுகிறவர் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறார்.

*

கட்டி முடித்ததும் இரண்டு சோதனைகள். முதலாவது, டிரம்ஸை முழுவதும் அணைத்துவிட்டுப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து கேட்பது. எந்த இடத்தில் தாளம் இல்லாதது உறைக்கிறது, எந்த இடத்தில் நிம்மதியாக இருக்கிறது என்று குறித்துக்கொள்வது. நிம்மதியாக இருந்த இடங்களில் தாளத்தைத் திரும்பச் சேர்ப்பதற்குமுன் யோசிக்க வேண்டும். இரண்டாவது, தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கேட்பது. கிக்கின் தாழ்ந்த முழக்கம் அதில் வராது. அப்போதும் முதல் அடி எங்கே என்று தெரிந்தால் வடிவம் சரியாக இருக்கிறது. தெரியவில்லை என்றால் முழக்கத்தை நம்பிக் கட்டியிருக்கிறோம்.

இப்போது கையில் இருக்கும் பாட்டு தாலாட்டு மெட்டு, திஸ்ரம், நிமிடத்துக்கு 68. முதல் சரணத்தில் பிரஷ் மட்டும் ஓடுகிறது. பல்லவியில் ஸ்நேரை எடுத்துவிட்டு விளிம்பில் ஒரு குச்சித்தட்டு வைத்திருக்கிறேன். 'கண்ணே' என்று குரல் எடுக்கும் இடத்துக்கு ஓர் எழுத்து முன்னே விழுகிறது. இரண்டாம் சரணத்தின் மூன்றாம் வரியில் 'தொட்டில்' வருகிறது. கிக் அந்த 'ட்' மேலேயே விழுந்துகொண்டிருக்கிறது. அதை அடுத்த சொல்லின் 'அம்' மேல் நகர்த்தி, பாடுகிறவர் வந்ததும் அந்த வரியை மட்டும் மறுபடி பாடச் சொல்லிக் கேட்க வேண்டும்.